அஷ்டமியில் போட்ட கோடு

மாசி, சனிக்கிழமை இரவு. ஸ்ரீரங்கம்.

கல்லூரி வகுப்போடு கள ஆய்வுக்குப் போய், கோடியக்கரைக் காட்டிலிருந்து மத்தியானம் திரும்பினோம். கடல் எதுவரை ஏறும் என்று வரைபடத்தில் குறிப்பது என் பொறுப்பு. வியாழனன்று தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் முளை அடித்து, அன்றே மையால் கோடு போட்டேன். புரொபசர் பலே என்றார்.

நேற்றுக் கிளம்பும்போது மீன்கூடையோடு போன ஓர் அம்மாள் முளையைப் பார்த்துச் சிரித்தாள். "தம்பி, இது அட்டமித் தண்ணி. அமாவாசைக்கு வந்து பாருங்க, அந்தப் பனை வரைக்கும் ஏறும்." பனை ஒரு பர்லாங்கு உள்ளே நிற்கிறது.

கூடப் படிக்கும் சுந்தரம் ரயில் முழுக்க என்னை விடவில்லை. "ஏண்டா, உங்காத்துல திதி பாக்காம கத்திரிக்காய்கூட நறுக்க மாட்டா. கடலுக்குப் பாக்கத் தோணலியா?"

சந்திரன் கடலை இழுப்பதைப் பாடத்தில் படித்தவன் நான். பஞ்சாங்கத்தின் மேலிருந்த எரிச்சலில் அதையும் மறந்தேன். மடத்தனம்.

திங்களன்று வரைபடத்தை வகுப்பில் மாட்டுவார்கள். நான் சொல்லாவிட்டால் புரொபசருக்குத் தெரியாது. சுந்தரமும் சொல்ல மாட்டான்.

சற்றுமுன் பிளேடால் கோட்டைச் சுரண்டிவிட்டேன். காகிதம் அங்கே நைந்துபோயிற்று, பார்த்ததும் கேட்பார். சொல்லிவிட வேண்டியதுதான். அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அனுமதி தராவிட்டாலும் போய் அளந்துவருவேன்.