தண்ணீரை அறைந்த கை

பறியின் கயிற்றில் நீ கடித்து நைந்த இடம் அப்படியே இருக்கிறது. பனையோலைக் கூடைதான், இறால் வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. உன் அம்மா கொடுத்தார். "அவ பொருள் ஒண்ணு உங்கிட்ட இருக்கட்டும்மா." சென்னையில் என் அறையில், மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

மேசையில் ஒரு வெள்ளைத்தாள். மாலை வகுப்பில் கேட்டிருக்கிறார்கள்: உங்கள் ஆங்கிலம் எப்படி வளர்ந்தது, ஒரு பக்கம் எழுதி வாருங்கள். மூன்று நாட்களாக ஒரு வரி வரவில்லை. அதனால் உனக்கு, தமிழில்.

நீ பத்தாவதோடு நின்றவள். நான் பொன்னேரிக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம். நாவல் நாவலாகப் படிப்பேன். பேச வாயைத் திறந்தால் ஒன்றும் வராது. நீ சிரித்தாய். "இன்னாடி, இவ்ளோ புக்கு சுமக்குற, குட்மார்னிங்க தாண்ட மாட்டேன்ற?" பிறகு சொன்னாய்: "கரையில நின்னு சத்தமா படி. நானும் கத்துக்குறேன்."

ஏரியில், தோணிரேவுப் பக்கம், முழங்கால் தண்ணீர். நீ மண்டியிட்டு நகர்ந்தபடி இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாய். பறியின் கயிறு பற்களுக்கு நடுவில். பேச முடியாது. நான் போனைப் பார்த்து ஒரு வாக்கியத்தைப் படிப்பேன். பிறகு பார்க்காமல் சொல்வேன். ஒரு வார்த்தை தவறினால் நீ தண்ணீரை ஒரு தரம் அறைவாய். எங்கே தப்பு என்று நானே தேட வேண்டும். அதுவரை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய்.

ஒரு வருடத்தில் நான் கொஞ்சம் பேசினேன். நீ பேசிக் கேட்டதில்லை. ஆனால் உனக்கு எல்லாம் புரியும். அது எனக்கு மட்டும் தெரியும்.

அப்போதுதான் அந்தக் குழு வந்தது. கையால் இறால் பிடிக்கும் பெண்களின் உடல்நலம் பற்றி அறிக்கை எழுதுகிறார்களாம். தலைமை தாங்கி வந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஊர் என்னை முன்னால் தள்ளியது. மகள் பேசுவதைக் கேட்க நைனா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

நீ ஈரக் கையை நீட்டிச் சொன்னாய்: "கெளுத்தி முள்ளு குத்திச்சுனா கை இப்டி வீங்கிப் பூடும். ஊசி போட பொன்னேரி போவணும், அன்னிக்குப் பொழப்பு போச்சு. அதனால யாரும் போறதில்ல. வாரத்துல ஒரு நாளாவது இங்க ஒரு நர்சு வரணும்னு சொல்லு."

கெளுத்தி முள்ளுக்கு எனக்கு வார்த்தை தெரியாது. வீக்கத்துக்குத் தெரிந்த வார்த்தையும் அந்த நேரத்தில் வரவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நைனாவும். நான் ஆங்கிலத்தில் சொன்னேன், வேகமாக, தடுமாறாமல்: சின்னக் காயங்கள் வரும், இவர்களுக்குப் பழகிவிட்டது.

அந்த அம்மா எழுதிக்கொண்டார். உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். கயிற்றை எடுத்துக் கடித்துக்கொண்டாய். இறங்கினாய். தண்ணீரை ஒரு தரம் அறைந்தாய்.

இறால் பிடிக்கும் முறை போலிருக்கிறது என்று அவர்கள் அதைப் படம் பிடித்தார்கள்.

சாயங்காலம் கேட்டாய்.

"எனக்காடி பழகிச்சு?"

"வார்த்த வரலடி."

"வரலனா என்னக் கேக்குறது. குத்துன எடத்தக் காட்டியிருப்பேன்ல."

"அவ்ளோ பேரு முன்னாடி தடுமாற சொல்றியா?"

"நான் தெனம் சேத்துல தடுமாறுறேன். இன்னா கொறஞ்சு பூட்டேன்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நானும் சிரித்தேன். குழு தங்கியிருந்த இடம் தெரியும். மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அந்தப் பாராட்டை மட்டும் ஒரு வாரம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் உன் வலது கட்டைவிரலில் முள் ஏறியது. நீ ஊசிக்குப் போகவில்லை. நாலாம் நாள் காய்ச்சல். பொன்னேரியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஆறாம் நாள் உன்னைக் கொண்டுவந்தார்கள்.

நான் சரியாகச் சொல்லியிருந்தால் நர்சு வந்திருப்பாரா, தெரியாது. வந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா, அதுவும் தெரியாது. நீ கேட்டாய் என்பதே அவர்களுக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியும்.

இப்போது அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறேன். கிராமங்களுக்கு வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். அந்த முள்ளுக்கும் வீக்கத்துக்கும் இன்று வார்த்தை உண்டு. நீ சொன்ன அத்தனையையும் ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் சொல்ல முடியும். அறையில் தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் மதிப்பெண் குறைகிறது. நடுவில் அதிகம் நிறுத்துகிறீர்கள், ஓட்டமாகப் பேசுங்கள் என்கிறார்கள்.

போன வாரம் ஓர் உப்பளத்தில் ஒரு பெண் தன் குதிகாலைப் பற்றி ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. அதை விட்டுவிட்டு மீதியைச் சொல்ல வாயெடுத்தேன். தண்ணீரை அறையும் சத்தம். சுற்றிலும் காய்ந்த உப்புதான்.

நிறுத்தினேன். எனக்குத் தெரியவில்லை என்று ஆய்வுக்கு வந்தவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் குனிந்து அவளிடம் கேட்டேன்: "எங்க, காட்டும்மா."

அவள் காலைத் தூக்கிக் காட்டினாள்.