சரிவில் ஒட்டிய சிவப்பு அம்பு

இன்று காலை உன் பெட்டிக்குப் புதுக் கறுப்புத் துணி சுற்றினேன். சாய வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய், வெளிச்சம் துளியும் உள்ளே போகக்கூடாது என்று நாலு மடிப்பாகச் சுற்றிய அதே பிடிவாதத்தோடு.

தூத்துக்குடியிலிருந்து வந்து என் பக்கத்து மேசையில் பனியன் செக்கிங் பார்த்தவள் நீ. இயற்பியல் படித்த கையால் துணியில் ஓட்டை தேடினாய். விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதிச் சிதறும் துகள்களை எண்ணுகிற இந்தப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் நீயே செய்தாய்.

"சூரியன்ல புயலடிச்சா எண்ணிக்கை ஏறுமா புள்ள?" என்று கேட்டேன்.

"கொறையும்ட்டி. புயலோட வார காந்தம் வெளிக்கதிர வெரட்டிரும்லா. துருவத்துல பூமிக்குக் காவல் கம்மி, அங்க நல்லா எறங்கும். இங்க லேசாத்தான் தெரியும்."

அப்படியே ஒரு சூரியப் புயலில் எண்ணிக்கை இறங்கியது. வரைபடத்தை அச்செடுத்து, சரிந்த இடத்தில், பனியனில் பழுது உள்ள இடத்தைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினோம். கையில் இருந்தது அதுதான். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். சிரித்தார். "புயல்னா ஏறணுமுங்க. நீங்களே டேமேஜ்னு அம்பு ஒட்டியிருக்கீங்களே!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ அசரவில்லை. "சூரியனே துகள வீசுனா துருவத்துல ஏறத்தான் செய்யும். இது அதில்ல. அடுத்த புயல் வரட்டும்" என்றாய். நோய் முந்திக்கொண்டது.

உன் தம்பி பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் போடச் சொன்னான். தரமாட்டேன் என்றேன். எனக்கு இயற்பியல் தெரியாது. ஆனால் இருபது வருடமாக விட்டுப்போன தையலைத் தேடுகிறவள் நான். இருக்க வேண்டியது இல்லாமல் போனால் என் கண்ணுக்குத் தப்பாது. தினமும் எண்ணிக்கையை நோட்டில் எழுதினேன்.

போன மாதம் புயல் வந்தது. துருவத்தில் இதே துகள்களை எண்ணும் நிலையத்தின் கோட்டைப் போனில் பார்த்தேன், மடமடவென்று இறங்கியிருந்தது. அதே நாளில் நம் கோடும் லேசாகச் சரிந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு அதே பேராசிரியர் முன்னால் நின்றேன். வெகுநேரம் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"தற்செயலா இருக்கலாமுங்க. இன்னும் ரெண்டு மூணு புயல் பாக்கோணும்."

"பாக்கலாமுங்க. பெட்டி ஓடீட்டுத்தான் இருக்கும்." சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே சரிவில் அம்பை ஒட்டினேன்.

"மறுபடியும் அம்புங்களா?"

"செக்கிங்காரி பாத்ததுக்கு அதுதானுங்க கையெழுத்து."

நீ இல்லாதது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். அடுத்த புயலுக்கு நோட்டின் அட்டையில் ஒரு அம்பு ஒட்டி வைத்திருக்கிறேன்.