முதல் நடுவர் ஆடுதான்

அன்புள்ள மச்சானுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. இங்கே நானும் ஆடும் நலம். எப்படி இருக்கிறேன் என்று போனில் கேட்டீர்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், கரன்ட் வருகிறது, மீட்டரில் முள்தான் அசையவில்லை. மோட்டார் ரிப்பேருக்குப் போய் வருகிறேன். உங்கள் தங்கச்சியின் மண் ஒட்டிய செருப்பு கதவோரம் அப்படியே கிடக்கிறது.

கண்காட்சித் தலைவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னீர்கள். கேட்கப் போவதில்லை. நடந்தது இதுதான்.

நம் ஊர் காய்கறி, கால்நடைக் கண்காட்சி எப்படித் தொடங்கியது என்று அவள் வீடு வீடாக விசாரித்து வைத்திருந்தாள். அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் இரண்டு பேர். ஒரு ஆடு வேலி தாண்டி வந்து, ஒருவர் பாத்தியை மோந்துகூடப் பார்க்காமல், அடுத்தவர் கேரட்டைத் தின்றுவிட்டது. பறிகொடுத்தவர் சும்மா இருந்தார். ஆடு சீண்டாமல் போனவருக்குத்தான் ரோஷம். மறு வருஷம் ஊர் நடுவே மேஜை போட்டு இருவரும் கேரட் வைத்தார்கள். நடுவர் அந்த ஆடு.

இப்போது யாரும் தின்று பார்ப்பதில்லை. நீளம், தடிமன் அளக்கிறார்கள், அதுவும் மோட்டார் வேலைக்கு நான் வைத்திருக்கும் காலிப்பரை இரவல் வாங்கி. அவளுடைய கேரட் கோணல்மாணலாக இருக்கும், வருஷா வருஷம் தோற்கும். “உங்க காலிப்பருக்கு நாக்கு இருக்கா?” என்று வீட்டில் என்னைப் பிடித்துக்கொள்வாள்.

இந்த வருஷம் பொன்விழா. விழா முடிந்ததும் அச்சாகும் வரலாற்று மலருக்கு, ‘தொலைநோக்குள்ள பெரியோர் கூடித் தொடங்கினர்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆட்டைக் காணோம். கேட்டால், “பெரிய மனுஷங்க படிக்கிற மலர்ல ஆட்டுக் கதையா தம்பி” என்றார் தலைவர். அதோடு, சிறந்த ரோஜாவுக்கு அவள் பெயரில் கோப்பை தருவதாகச் சொல்லித் தோளைத் தட்டினார். ரோஜாவாம். அவள் ஒரு ரோஜாச் செடி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா மச்சான்?

காலிப்பரைத் தர மாட்டேன் என்றேன். அவள் கடைசியாக விதைத்த கேரட்டைப் பிடுங்கி, அவள் பெயரிலேயே மேஜையில் வைத்தேன். “செத்தவங்க பேர்ல எப்படிப்பா?” என்று செயலாளர் இழுத்தார். “விதைச்சது அவதானே” என்றேன். நடுவர் ஸ்கேலை எடுத்ததும், வெளியே கட்டியிருந்த நம் ஆட்டை அவிழ்த்துக் கூட்டி வந்தேன்.

அவள் கையால் தின்று வளர்ந்த ஆடு. நேராகத் தலைவர் வீட்டு கேரட்டுக்குப் போனது. நிதானமாக, ஒன்று விடாமல் தின்றது. அப்புறம்தான் அவளுடையது.

கூடாரமே சிரித்தது. “பாத்தீங்களா, ஆடே சொல்லிடுச்சு, என்னோடதுதான் முதல்” என்று தலைவர் துள்ளினார்.

“அப்போ நடுவர் ஆடுதானே. மலர்ல போட்டுருங்க” என்றேன்.

ஆடு சொன்னதுதான் தீர்ப்பு என்று அவரே சொன்னதை ஊரே கேட்டது. அவள் இந்த முறையும் தோற்றாள், ஆனால் ஸ்கேலிடம் இல்லை, நாக்கிடம் ஒழுங்காகத் தோற்றாள். மீட்டரில் முள் லேசாக ஆடியது மச்சான்.

ஒரு கேரட்டை மட்டும் பிடுங்காமல் மண்ணிலேயே விட்டிருக்கிறேன். அது பூத்து விதை தரும். அதில் விளைவதையும் கண்காட்சியில் அவள் பெயரில்தான் வைப்பேன். அன்றைக்கு நீங்கள் இங்கே இருக்க வேண்டும். ஆட்டை ஒரு ஆளாகப் பிடிக்க முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் வீட்டு
மாப்பிள்ளை