இடைக்கதவுக் கயிறு

பிப்ரவரி 6

அன்புள்ள அம்மா,

நான் இங்கே நல்லா இருக்கேன்னு ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரல. கையும் சரியில்லை. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கு, அதான் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு.

போன் பண்ணாம எதுக்குக் கடிதாசின்னு முழிப்ப. என் போன் இப்ப உன் மாப்பிள்ளை சட்டைப்பையிலதான் குடியிருக்கு. மளிகைக் கடைக்காரர் ஏதோ ஜோக் சொன்னார், சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்ததும் கையை முறுக்கிட்டார். முறுக்கறப்ப அவர் முகத்துல கோபமே இல்லம்மா. முன்னாடியெல்லாம் அடிச்சா அப்புறம் மன்னிப்பாவது கேப்பார். இப்ப அதுவும் இல்லை. எனக்குப் பயமா இருக்கு.

நான் வீட்டுக்கு வந்துடட்டுமா? உனக்குப் பாரமா இருக்க மாட்டேன். நீ வேலை பார்க்கற காட்டுப்பூனை வளர்ப்பு மையத்துல கூண்டைக் கழுவச் சொன்னாலும் கழுவறேன்.

பதிலை மாடி வீட்டு டீச்சரக்கா விலாசத்துக்குப் போடு, கீழே எழுதியிருக்கேன். எங்க வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதே. கெஞ்சிக் கேக்கறேன்.

உன் பாப்பா


பிப்ரவரி 15

என் செல்லக் கண்ணுக்கு அம்மா ஆயிரம் முத்தத்தோட எழுதறது,

உன் கடிதம் படிச்சுட்டு ஒரு வேளை சாப்பிடல. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். ஏன்டி, கடைக்காரன்கிட்ட உனக்கு என்னடி இளிப்பு? ரெண்டு கை தட்டினாத்தானே ஓசை வரும்? மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு, வடிஞ்சிடும். உங்கப்பா என்னை அடிக்காத அடியா? இன்னைக்கு அந்த மனுஷன் போட்டோவைத் துடைக்கறது நான்தானே? அடிக்கற கைதான் அணைக்கும்.

இங்கே எனக்குத் தலைக்கு மேல வேலை. நம்ம மேகச்சிறுத்தை சிட்டு பருவத்துக்கு வந்துட்டா. தினமும் காலையில கயித்தை இழுத்து இடைக்கதவைத் தூக்கி, அவளை ஆண் சிறுத்தை துரை கூண்டுக்குள்ள விடறோம். காட்டுல மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளியாச்சு, இந்த மேகச்சிறுத்தைங்களுக்குப் போக்கிடம் இல்லை. இங்கே ஒரு குட்டி பிறந்தா அது தங்கம். ஆனா இது பொல்லாத சாதிடி. வளர்ந்த ஆணையும் பெண்ணையும் புதுசா ஒண்ணா விட்டா, ஆண் பிடரியைக் கவ்விக் கொன்னுடும். உடம்புக்கு மீறின கோரைப்பல். எத்தனை மையத்துல எத்தனை பெண்ணுங்க அப்படிப் போயிருக்கு! அதனாலதான் ஒரு வயசு ஆகறதுக்குள்ளயே ஜோடி சேர்த்துடறது. இதுங்க ரெண்டையும் நான்தானே மடியில போட்டுப் பால் புகட்டினேன்? துரை அவளைப் பார்த்ததும் மூக்கால புர்ர்னு ஊதுவான். அதுங்க பாஷையில அது குசலம் விசாரிக்கறது.

உன்னையும் அதே கணக்குலதான் காலேஜ் முடிக்க விடாம பத்தொன்பது வயசுல குடுத்தேன். சொந்தக்காரங்க எல்லாம் ஏசினாங்க. ஏசட்டும். முத்தின பிறகு சேர்த்தா ஒட்டாது, இளசுலயே பழகிக்கணும். இதைப் பார்த்துப் பார்த்தே நரைச்ச தலை என்னுது. பொறுத்துக்கோ.

சிட்டுதான் கொஞ்ச நாளா வால் முடியைப் பிடுங்கிப் பிடுங்கி மொட்டையாக்கி வச்சிருக்கா. கதவைத் திறந்ததும் உச்சிப் பலகையில ஏறி உட்கார்ந்துக்கறா, கறி வச்சாலும் இறங்கறதில்லை. எல்லாம் கிராக்கி. நேத்து அந்தப் பலகையைக் கழட்டிட்டேன். இனி எங்கே போவா?

டீச்சரம்மா விலாசம் எதுக்குடி? புருஷனுக்குத் தெரியாம கடிதம் வாங்கற பழக்கம் நம்ம வீட்டுல கிடையாது. நேரா உன் வீட்டுக்கே போடறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், அவர்மேல எனக்கு எவ்வளவு மதிப்புன்னு தெரியட்டும்.

உன் நல்லதையே நினைக்கும்
அம்மா


மார்ச் 1

அம்மா,

உன் கடிதம் வந்துச்சு. சாப்பிட்டுக்கிட்டே அவரே எனக்கு வாசிச்சுக் காட்டினார். ‘அடிக்கற கைதான் அணைக்கும்’னு வந்த இடத்தை ரெண்டு தடவை வாசிச்சார். “உங்கம்மா விவரமானவங்க”ன்னார். கை கழுவிட்டு வந்து, “எந்த டீச்சர்?”னு கேட்டார்.

மாடிக்குப் போய் அவங்களைக் கண்டபடி பேசிட்டு வந்தார். அப்புறம் என்கிட்ட வந்தார். வலது காது இப்ப கேக்கறதில்லை. ஏதோ தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி இரைச்சல் மட்டும் இருக்கு.

அன்னையிலிருந்து என் பேரு சிட்டு. ‘சிட்டு, தண்ணி கொண்டா.’ ‘சிட்டு, எங்கே போவே?’ விளையாட்டாத்தான் கூப்பிடறார், சிரிச்சுக்கிட்டே.

மொட்டைமாடியில துணி காயப்போடற சாக்குல இதை எழுதறேன். அவ்வளவு பேச்சு வாங்கியும் டீச்சரக்கா தபால்ல சேர்க்கறேன்னு சொல்லியிருக்காங்க. உன்கிட்ட ரெண்டே விஷயம். நான் வரலாமா, கூடாதா? ஒரு வார்த்தை எழுதினா போதும், ஆனா அவங்க பேருக்கு எழுது.

இன்னொண்ணு, சிட்டுவுக்கு அந்தப் பலகையைத் திரும்ப மாட்டிடு. அவ கிராக்கி பண்ணலம்மா.

பாப்பா


மார்ச் 19

என் கண்ணே,

சிட்டு போயிட்டாடி. பெத்த வயிறு பத்தி எரியற மாதிரி எரியுது. உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவேன்?

காலையில வழக்கம்போல கதவைத் தூக்கினேன். துரை அன்னைக்குப் புர்ர்னு ஊதல. காதை மடக்கிக்கிட்டு, வாலை மட்டும் அசைச்சுக்கிட்டு நின்னான். கூட இருந்த டாக்டர், “இறக்கிடுங்கம்மா, பிரிச்சுடலாம்”னார். “ஒண்ணா வளர்ந்ததுங்க டாக்டர், நமக்கு முன்னாடி கொஞ்சம் முறைச்சுக்கும், அப்புறம் ராசியாயிடும்”னு நான்தான் சொன்னேன். கயிறு என் கையிலயே இருந்துச்சு. அவ என் பக்கம்தான் ஓடி வந்தா. நான் நிக்கற கம்பிக்கிட்ட வந்து படுத்து, என்னைப் பார்த்தா. ஒரே கவ்வுதான். ஒரு சத்தம் கூட வரல. பரிசோதிச்சுப் பார்த்தா வயித்துல குட்டி வேற.

எனக்கு ஆறவே இல்லை. ஆனா ஒண்ணு சொல்றேன், அவ மேலயும் தப்பு இருக்கு. எதுக்கு ஓடணும்? ஓடினா அவனுக்குத் துரத்தத்தான் தோணும். அசையாம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. துரையைக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது, அவன் குணம் அது. அவனைப் போல வம்சம் கிடைக்கறது அரிது, விட முடியாது. வேற பெண்ணுக்கு எழுதிப் போட்டிருக்காங்க.

டாக்டர் என்கிட்ட முகம் குடுத்தே பேசறதில்லை. வீட்டுக்கு வந்தா சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நீ வரலாமான்னு கேட்டிருந்தியே, வாடி. ரெண்டு நாள் வந்து என் பக்கத்துல இரு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. ஒத்தையா வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. ரெண்டு நாள் இருந்துட்டு ஒண்ணாப் போயிடுங்க.

இந்தத் தடவை நீ சொன்ன விலாசத்துக்கே அனுப்பறேன். நான் அழுது எழுதினதை மாப்பிள்ளை பார்த்தா நல்லா இருக்காது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா


ஏப்ரல் 4

அம்மா,

டீச்சரக்கா உன் கடிதத்தை என்கூடச் சேர்ந்து வாசிக்கறப்ப அவங்களே அழுதுட்டாங்க. பாவம் அந்தப் பூனைன்னாங்க. நானும் சிட்டுவுக்காக அழுதேன். நீ அவளுக்காக நாலு பக்கம் அழுதிருக்க. என் காதைப் பத்தி ஒரு வரி இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

அவ ஏன் ஓடினான்னு கேட்டிருக்க. ஓடலம்மா. உன்கிட்ட வந்தா. பால் குடுத்த கைதானே, கதவை இறக்கும்னு நம்பி வந்தா. அவளுக்கு ஏற ஒரு பலகை இருந்துச்சு, நீ கழட்டின. எனக்கு ஏற ஒரு மாடி வீடு இருந்துச்சு, அதையும் நீதான் காட்டிக் குடுத்த. எங்க ரெண்டு பேரையும் கடிச்சது யாருன்னு எனக்குத் தெரியும். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நீ.

நான் வீட்டை விட்டு வந்துட்டேன். எப்படி வந்தேன்னு சொல்ல மாட்டேன். ஒரு துணி தைக்கற கம்பெனியில பட்டன் துளைக்குக் காஜா எடுக்கற வேலை. மணிக்கட்டு வலிக்குது, ஆனா ஊசி கையில நிக்குது. இடது பக்கம் வந்து பேசினா எல்லாம் கேக்குது. உன் மாப்பிள்ளை என்னைத் தேடி அங்கே வந்து நிப்பார். நல்லா உட்கார வச்சுச் சாப்பாடு போடு, அவர்மேல உனக்கு எவ்வளவு மதிப்புன்னு தெரியட்டும்.

நான் தங்கியிருக்கற விடுதிக்காரம்மா, “உனக்குன்னு யாரு இருக்காங்க, அம்மா இருக்காங்களா?”ன்னு கேட்டாங்க. செத்துட்டாங்கன்னு சொல்லிட்டேன். சொன்னப்ப அழுகை வரும்னு நினைச்சேன். வரல, நல்லாப் பசி எடுத்துச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

புதுசா வர்ற பெண்ணுக்காவது பலகையைக் கழட்டாதே.

இதுல என் விலாசம் எழுதல. எழுதினா நீ அதை அவருக்குக் குடுத்துடுவ.