ஏழாவது பெயர்

மார்ச் 3, 2025, திங்கள்

புஷ்பவள்ளி அக்காவின் வருமான வரித் தணிக்கைக் கோப்பை இன்று மூடினேன். லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைப்பவர். ரசீதுகளை பிஸ்கட் டின்னில் கொண்டுவந்து என் மேசைமேல் கவிழ்த்தார். "எல்லாம் இதுலதான் இருக்கு. எனக்குக் கணக்கு எழுதத் தெரியாதுலா, தங்கச்சி." மூன்றே நாளில் தணிக்கை முடிந்து அபராதமும் போட்டாயிற்று. இந்த மாதம் முடித்த கோப்புகளில் எனக்கு இன்னும் ஒன்று. தூ.

மார்ச் 5

இந்த ஆண்டு யார் யாரைத் தணிக்கை செய்வது என்ற பட்டியலை நான் தயாரிக்க வேண்டும். மேலாளர் சுகுமாரன் வழி சொன்னார்: "சின்னக் கடைங்களையே போடுங்க தாட்சாயினி. சீக்கிரம் முடியும். பெரிய ஆளுங்க லாயர் வைப்பாங்க, ரெண்டு வருஷம் இழுக்கும்." யார் வரியை விழுங்குகிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை. யார் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்றுதான் பார்க்கிறோம். பதினோரு ஆண்டாக நானும் இதைத்தானே செய்தேன்?

மார்ச் 10

சுகுமாரன் சொன்னதை விட்டுவிட்டு, பட்டியலை என் வழியில் செய்துவிட்டேன். ஆண்டுக்கு ஒரு மில்லியன் மலேசிய வெள்ளிக்குமேல் வருமானம், சொத்தோடு ஒத்துப்போகாத கணக்கு – இதுதான் நான் வைத்த விதி. கணினி நாற்பது பேரைக் கொடுத்தது. அச்செடுத்த பிறகுதான் பெயர்களைப் படித்தேன். ஏழாவது: டாக்டர் அருணன், தோல் நிபுணர்.

என் அண்ணன். அப்பா போனபிறகு என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர்.

அழித்துவிடலாமா? ஒரே ஒரு வரிதானே. அழித்தால் புஷ்பவள்ளி அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? முடியாது. இருக்கட்டும்.

மார்ச் 11

அண்ணனின் கோப்பை வேறொருவர் பார்க்க வேண்டும் என்று உறவைச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அண்ணனிடம் முன்கூட்டிச் சொல்லவும் கூடாது.

மார்ச் 13

சுகுமாரன் கூப்பிட்டார். அவர் முன்னால் இரண்டு பட்டியல்கள்: அவர் போட்டது ஒன்று, என்னுடையது ஒன்று. என்னுடையதில் ஏழாவது பெயர் அடிக்கப்பட்டிருந்தது. "உங்க அண்ணன் பேரை நானே எடுத்துட்டேன். நீங்களும் கொஞ்சம் விட்டுக்குடுங்கலா. சின்னக் கடை லிஸ்ட்ல சைன் போடுங்க." சிரித்துக்கொண்டே சொன்னார்!

பற்றிக்கொண்டு வந்தது. பேனாவை எடுத்து, அடித்த பெயருக்கு மேலே கொட்டை எழுத்தில் மறுபடி எழுதினேன். "இதுலதான் சார் சைன் போடுவேன். வேணாம்னா ஏன் வேணாம்னு நீங்க எழுதிக் குடுங்க. தலைமையகத்துக்கு ரெண்டையும் அனுப்புறேன்."

அவருக்கு எழுதிக் கொடுக்கத் தைரியமில்லை. என் பட்டியல்தான் போனது.

ஏப்ரல் 3

என்னை முன் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனையாம். போங்கடா.

ஏப்ரல் 12, சனி

அண்ணன் போன் செய்தார்.

"ஒன் ஆபீஸ்லேருந்து லெட்டர் வந்திருக்கு. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"சொந்த அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கணக்கு சரியா இருந்தா, சொல்றதுக்கு என்னண்ணே இருக்கு?"

வைத்துவிட்டார். நான் அழுதுவிட்டேன். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறமாட்டேன்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. ஒவ்வோர் ஆண்டும் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. இந்த ஆண்டு அழைப்பில்லை. நானே பாயசம் வைத்துக் குடித்தேன். நன்றாகவே வந்தது.

ஜூன் 24, செவ்வாய்

வியாபாரிகள் கணக்குக் கொடுக்கக் கடைசி வாரம். உட்கார இடமில்லாத கூட்டம். புஷ்பவள்ளி அக்கா பிஸ்கட் டின்னோடு வந்திருந்தார். அபராதத்தைக் குறைக்கக் கேட்டு மனு எழுதித் தருவதாக நான்தான் வரச்சொன்னேன்.

பத்து மணிக்கு அண்ணன் நேராக என் கவுண்டர் முன்னால் வந்து நின்றார், கையில் பெரிய கோப்புப் பெட்டி. மெலிந்திருந்தார். குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வருஷக் கணக்குல கொஞ்சம் விட்டுப்போச்சு, தாட்சா. எல்லாம் கொண்டுவந்துட்டேன்" என்றார்.

எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

"உங்க ஃபைலை நான் தொடக் கூடாதுண்ணே. பக்கத்துக் கவுண்டர்ல நூருல் ஹுதா பாப்பாங்க. நம்பர் எடுத்துட்டு உக்காருங்க."

முறைத்தார். பிறகு போய் எண் சீட்டை எடுத்துக்கொண்டு, அப்போதுதான் காலியான நாற்காலியில், புஷ்பவள்ளி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா டின்னை மடியில் எடுத்துக்கொண்டு அவர் பெட்டிக்கு இடம் விட்டார்.

அண்ணனுக்கு முன்னால் பத்தொன்பது பேர். காத்திருந்தார்.