கரை உடையவில்லை, வெட்டினார்கள்

வார்ஹாத், திசா ஆற்றங்கரை

அன்புள்ள எமெஷெ,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் எப்படியோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் கனடாக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். அப்பாவின் முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் இப்போது ரொட்டி வாங்க அவர்தான் போகிறார், ஏனென்றால் கடைக்காரி என் முகத்தைப் பார்ப்பதில்லை. நீ அரைகுறையாகக் கேள்விப்பட்டுக் கவலைப்படுவாய் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன். நான் சிறுமியாக இருந்தபோது வந்த வெள்ளத்துக்கு ஊரில் நினைவுக்கல் வைத்தார்கள், வரலாற்றுக் குழுவில் இருப்பதால் வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஆற்றின் எதிர்க்கரை உடைந்து அங்கிருக்கும் ஃபுஸெஷ் கிராமம் மூழ்கியது என்று, எல்லாரும் சொல்வதைப்போலத்தான் எழுதினேன். அந்தக் கிராமத்துப் பெரியவர் தெஜோ விஷயம் தெரிந்து வீட்டுக்கே வந்துவிட்டார், நான் வைத்த காப்பியைத் தொடவில்லை. "கரை தானா உடையலம்மா, உங்க ஊர் தப்பிக்கணும்னு ஆளுங்க வந்து வெட்டுனாங்க, எங்கம்மா என் தங்கச்சியத் தூக்கிக்கிட்டுக் கூரைமேல நின்னு கத்துனாங்க, ரெண்டு பேரையும் தண்ணி கொண்டுபோயிருச்சு" என்றார். அவர் போனபிறகு அப்பா மெதுவாக, "எங்கப்பாவும் அப்படித்தான் சொல்வாரு, வெளிய பேசாதேம்பாரு" என்றார். குழுவில் தெஜோ சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், தொண்டை வறண்டதுதான் மிச்சம். மேயர் கார்டோஷ், "உடைஞ்சதுன்னே இருக்கட்டும் டீச்சர், எதுக்கு வம்பு" என்று முடித்துவிட்டார், கல்லிலும் அப்படியே செதுக்கிவிட்டார்கள்.

திறப்புவிழாவில் வாசகத்தைப் படிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள், "உடைந்தது" என்ற இடத்தில் என் வாயில் "வெட்டப்பட்டது" என்றுதான் வந்தது. கூட்டத்தில் ஒருவன், "நீ எந்த ஊர்ச் சோத்தத் தின்னு வளந்த" என்று கத்தினான். பின்வரிசையில் ஃபுஸெஷ்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள், யாரும் கை தட்டவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், கல்லில் எழுத்து மாறவில்லை. எனக்கு இனி யாரோடும் மல்லுக்கட்டத் தெம்பில்லை கண்ணு. நேற்று மேயரின் அம்மா ரொஸாலியா தடியை ஊன்றிக்கொண்டு தனியாக வந்தார், திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. "அந்த ஃபுஸெஷ் ஆளோட அம்மா பேரு, தங்கச்சி பேரு தெரியுமா, கோயில்ல செத்தவங்க பூசைக்குக் குடுக்கணும், அன்னிக்கு எங்க வீட்டு வாசப்படிகூட நனையல" என்றார். தெஜோ அன்றே சொல்லியிருந்தார், சொன்னேன். இரண்டு பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

குழந்தைக்குக் காதை மூடும் குல்லா போடு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஃபோன் பண்ணு, கால் எப்படி இருக்கிறது என்று நீயே கேள், என்னிடம் பொய் சொல்கிறார். கடவுள் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
பிரோஷ்கா