நிமலன், சுவாதி

இன்று காலை பஞ்சாங்கத்தைப் புரட்டியபோது உம்முடைய துண்டு ஒன்று மடியில் விழுந்தது. பழைய அளவையியல் வினாத்தாளிலிருந்து கிழித்த கடதாசித் துண்டு. ஒரு பக்கத்தில் 'பின்வரும் எடுகூற்றுகளிலிருந்து' என்று பாதியில் அறுந்துபோன அச்செழுத்து. மறுபக்கத்தில் உம்முடைய சாய்ந்த கையெழுத்தில் மகனின் பெயரும் நட்சத்திரமும்: நிமலன், சுவாதி. மாதாமாதம் அந்தப் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தவன் நான். எனக்கு அது மறக்குமா? ஆனாலும் நீர் ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டுதான் வருவீர். கேட்டால், "உமக்கு வயசு போகுது, ஐயர்" என்பீர். உமக்கும் எனக்கும் ஒரே வயது. வேலணைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து படித்தவர்கள் நாம்.

நான் அப்பாவுக்குப் பிறகு நயினாதீவில் இந்தச் சின்னப் பிள்ளையார் கோயிலுக்குப் பூசைக்கு வந்துவிட்டேன். நீர் பல்கலைக்கழகம் போய் மெய்யியல் படித்து, பள்ளிக்கூடத்தில் அளவையியல் என்கிற தர்க்கம் படிப்பித்து, சரவணைக் கிராமத்தில் புகையிலையும் வெங்காயமும் நட்டீர். நான் மணி அடிக்கிறவன், நீர் கேள்வி கேட்கிறவர் என்பது அந்த நாளிலேயே தீர்மானமாகிவிட்டது. சந்தித்தால் சண்டைதான். ஒருமுறை குறிகட்டுவானிலிருந்து இருவரும் வள்ளத்தில் வந்துகொண்டிருந்தோம். சோளகக் காற்று. வள்ளம் ஆடிய ஆட்டத்தில் தாமரைப் பூவோடு புத்த விகாரைக்குப் போகும் சனமும், தேங்காய்ப் பையோடு அம்மனுக்குப் போகும் சனமும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். நீர் என் காதுக்குள் சொன்னீர்: "இஞ்ச எல்லாருக்கும் ஒரே பயம்தான், ஐயர். இறங்குதுறையிலதான் சமயம் பிரியுது."

எனக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் உம்முடைய மெய்யியல் என்ன செய்யும் என்று கேட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும், உங்கள் சமயத்துக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் வாய் வராது என்றீர். தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறதோ, மனிசருக்கு ஒரு விளக்காவது கொளுத்த வேண்டாமா என்று நான் கத்தினேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் இருந்தார். நீர் சிரித்தீர். அப்போது நிமலன் பிறக்கவில்லை. நமக்குச் சிரிக்க வசதி இருந்தது.

நாட்டில் யுத்தம் முடிந்த அந்தக் கடைசி மாதங்களில் நிமலன் வன்னியில் இருந்தான். அதற்குப் பிறகு அவனைக் கண்டதாகவும் ஒருவரும் சொல்லவில்லை, செத்ததைப் பார்த்ததாகவும் ஒருவரும் சொல்லவில்லை. உம்முடைய வீட்டுக்காரி பவளம் சுவாதிக்குச் சுவாதி வள்ளமேறி இங்கே வரத் தொடங்கியது அப்போதுதான். நீர் கூடவே வருவீர், உள்ளே வரமாட்டீர். கிணற்றடி வேம்பின் கீழ் புத்தகம் வாசித்துக்கொண்டு இருப்பீர். பவளம் திருநீறு கொண்டுவந்து நெற்றியில் பூசினால் மறுக்கமாட்டீர். வள்ளத்தில் ஏறியதும் லேஞ்சியால் துடைத்துவிடுவீர் என்று அவளே என்னிடம் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறாள்.

மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல்கள் லேசாக முடியும் என்று சொல்ல வந்தவர்களை நீர் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டீராம். பவளம் சொன்னபோது நான் அதை உம்முடைய பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். என் மூளை அப்போதே வேலை செய்திருக்க வேண்டும்.

பவளம் கண்ணை மூடிய பிறகு வந்த முதல் சுவாதியன்று, தட்டத்தை ஏந்திக்கொண்டு நீர் தனியாக உள்ளே வந்தீர். தேங்காய், வெற்றிலை, கற்பூரம், மேலே இந்தத் துண்டு. வாத்தியார் கடைசியில் என் பக்கம் வந்துவிட்டார் என்று எனக்கு உள்ளூர ஒரு புளுகம், மனம் துள்ளியது. வாயைச் சும்மா வைத்திருக்காமல் சொல்லியும்விட்டேன். "நான் நம்பி வரேல்லை. அவள் வந்தவள், இப்ப நான் வாறன்" என்றீர். அன்று நீர் திருநீற்றைத் துடைக்காமல் போனதை இறங்குதுறைவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி எழுதுவதுதான் கடினம். உமக்கு நேரே சொல்லாததை இப்போது எழுதி என்ன பயன்? ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பவளம் போய் ஒரு வருஷத்தில் வந்த ஆட்டைத் திவசத்துக்கு நீர் என்னைத்தான் கேட்டீர். சரவணை வீட்டு விறாந்தையில் தர்ப்பை போட்டு இருந்தோம். நான் பெயரைச் சொல்ல, நீர் அதைத் திருப்பிச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். பவளத்தின் பெயர், அவளுடைய மாமியார் பெயர், முன்னோர் பெயர்கள் எல்லாம் முடிந்தன. நீர் நல்ல பிள்ளையாகச் சொல்லிக்கொண்டு வந்தீர். அப்போது நான் நிமலனின் பெயரையும் சொன்னேன்.

வாய் தவறவில்லை. முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன். இவ்வளவு காலம் வராதவன் இனி வரமாட்டான் என்று என் மனம் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. போனவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகட்டும், பொடியன் தாகத்தோடு நிற்கக்கூடாது என்று நினைத்தேன். இரக்கம் என்றுதான் நினைத்தேன்.

உம்முடைய கை மூடிக்கொண்டது. எள் உள்ளே இருந்தது, தண்ணீர் மட்டும் விரலிடுக்கால் வழிந்தது. நீர் என்னை நிமிர்ந்து பார்த்தீர்.

"ஐயர், உமக்குத் தெரியுமோ?"

நான் தர்ப்பையைத் திருத்தி வைத்தேன்.

"தெரியாட்டிச் சொல்லாதையும்."

அவ்வளவுதான். நீர் எழும்பிப் போய்விடவுமில்லை. உள்ளங்கையில் ஒட்டியிருந்த எள்ளைத் தாம்பாளத்தில் தட்டிவிட்டு, மிச்சக் கிரியையை ஒழுங்காகச் செய்து முடித்தீர். சாப்பிடச் சொன்னீர். நான் வயிற்றுக்குச் சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அன்று வள்ளத்தில் வரும்போதுதான் எனக்கு விளங்கியது. அர்ச்சனையில் உயிரோடு இருக்கிறவர்களின் பெயரைத்தான் சொல்லுவோம். கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, அது உமக்குப் பிறகு பார்க்கிற விஷயம். உம்முடைய மகனின் பெயர் இருக்கிறவர்களோடு சேர்த்துச் சொல்லப்படுகிற ஒரே இடம் என்னுடைய கோயில். அதற்காகத்தான் அந்தக் கடலைக் கடந்து வந்தீர். பூசை செய்கிற நான் அவனைக் கைவிட்டுவிட்டேன். நம்பாத நீர் அவனுக்காகத் தட்டம் ஏந்தினீர்.

மூன்று சுவாதி நீர் வரவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசி வள்ளம் வரும்வரை இறங்குதுறையில் நின்றேன். நாலாவது மாதம் வந்தீர். தட்டத்தில் துண்டு. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீர் வெங்காய விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டீர். பிறகு கேட்கலாம், பிறகு கேட்கலாம் என்றே இருந்துவிட்டேன். உமக்கு நெஞ்சு நோ வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செய்தி கிடைத்து, நான் முதல் வள்ளம் பிடித்து வருமுன்னர் எல்லாம் முடிந்திருந்தது. கனடாவிலிருந்து உம்முடைய சகோதரி வழி மருமகன் வந்து கொள்ளி வைத்தான். கொள்ளி வைக்க வேண்டியவனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த கிழமை உம்முடைய ஆட்டைத் திவசம். நேற்று அந்த மருமகன் தொலைபேசியில் கதைத்தான். நல்ல பிள்ளை. உம்மில் உண்மையான பாசம். "நிமலன் மச்சான்ரை பேரையும் மாமாவோட சேர்த்துச் சொல்லி முடிச்சுவிடுங்கோ ஐயா. இனி ஆர் இருக்கினம், கேக்கிறதுக்கு?" என்றான்.

எனக்கு உம்முடைய கேள்வியைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. "உமக்குத் தெரியுமோ, தம்பி?"

தெரியாது என்று மெதுவாகச் சொன்னான். அப்படியென்றால் என்னால் ஏலாது என்றேன்.

திவசத்தில் உம்முடைய பெயரைச் சொல்லுவேன். என் குரல் உடையும், உடையட்டும். நீர் போனது எனக்குத் தெரியும். உம்முடைய குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று அழுதவன் நான். எனக்கு மிச்சம் தெரியாது. அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது.

இன்று சுவாதி. தட்டம் கொண்டுவர ஒருவரும் இல்லை, தேங்காயை நானே எடுத்து வைத்தேன். பெயர் மனப்பாடம்தான், ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீர் எழுதியதைப் பார்த்து, பிள்ளையாருக்கு வாசித்தேன். தீபம் காட்டி முடிந்ததும் பஞ்சாங்கத்தை எடுத்து, அடுத்த சுவாதி வருகிற பக்கத்தைத் தேடி, உம்முடைய துண்டை அதற்குள் வைத்தேன்.